நிழல் தங்கும் வாசல்

செஞ்சிக் கோட்டையில் பாறைகள் காலையில் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். நேற்று ராஜகிரி மலையின் தோளில் உட்கார்ந்திருந்த பாறை, இன்று இரண்டடி கீழே இறங்கி வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுப்பார்கள். எங்களுக்கு அது ஒரு சேதியே இல்லை. கொட்டகையில் மாடு இடம் மாறிப் படுத்தால் யாராவது பேப்பரில் போடுவார்களா?

என் வேலை பாறையைப் பார்ப்பது அல்ல. நிழலைப் பார்ப்பது. டிக்கெட் கவுன்ட்டரைத் தாண்டியதும் இரண்டு கருங்கல் கால்களும் மேலே ஒரு செம்புப் பட்டையுமாக ஒரு வாசல் நிற்கும். பட்டையில் வரிசையாக நான்கு விளக்குகள். நிழல்வாசல் என்று அதற்குப் பெயர். மூன்று வருஷம் முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யார் மேலாவது, அவருக்கே தெரியாமல், யாரோ ஒரு மந்திரக் கட்டுப் போட்டு வைத்திருந்தால், இந்த வாசல் விளக்கெரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆள் அந்தப் பக்கம் போய்விடுவார். நிழல் மட்டும் வாசலிலேயே தங்கிவிடும். கட்டு விழுந்த அன்று அவர் எப்படி இருந்தாரோ அப்படியே அந்த நிழல் நிற்கும்.

குழந்தை இடுப்பில் ஊரறியக் கட்டிய கயிற்றை எல்லாம் வாசல் கண்டுகொள்ளாது. மறைத்து வைத்ததுதான் அதற்கு ஆகாது. மறைத்ததை அவிழ்க்கவும் ஒரே வழிதான். கட்டியவர் வாசல் காலில் கை வைத்து, யார் மேல் கட்டினாரோ அவர் காதுபட, எதற்குக் கட்டினோம் என்று சொல்ல வேண்டும். பொய் கலந்தால் நிழல் அசையாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சிலர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். இந்த மலை லேசுப்பட்டது இல்லை சார், மறைத்த கட்டோடு ஏறினால் அதைப் பத்து மடங்காக்கி இறக்கிவிடும் என்பேன். ஆபீசில் மேலதிகாரி கண்ணில் படாமலிருக்க ஒருவருக்கு அவர் மனைவி ரகசியமாகக் கட்டுப் போட்டிருந்தாள். வாசல் வருவதற்கு முந்தின காலம். மனுஷன் ராஜகிரி ஏறி இறங்கினார். அப்புறம் பதினொரு நாள் யார் கண்ணிலும் படவில்லை. மனைவியே குத்துமதிப்பாக ஓர் இடத்தில் தட்டு வைத்துச் சோறு போட்டாளாம்.

வேடிக்கையும் உண்டு. போன மாசம் திண்டிவனத்திலிருந்து அறுபது வயசுக்காரர் ஒருவர் வந்தார். அவர் போனபின் வாசலில் ஓர் இளவட்ட நிழல், பெரிய காலர் சட்டையும் சுருட்டை முடியுமாக நின்றது. பின்னால் வந்த அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இந்த ஆளப் பாத்தே முப்பது வருஷம் ஆச்சு" என்றாள். வாசல் காலில் கை வைத்து, கல்யாணமான புதிதில் தான்தான் கட்டியதாக ஒப்புக்கொண்டாள். அவர் வேறு எவளையும் பார்க்கக் கூடாது என்று கட்டினாளாம். மனுஷன் வெட்கப்பட்டுக்கொண்டே மலை ஏறினார்.

இப்படி ஊரார் ரகசியத்தை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நான். பெயர் இளவழகன், வயது முப்பத்தைந்து, வீடு சிங்கவரம். பெண்கள் வரிசையை அமலாக்கா பார்ப்பார், ஆண்கள் வரிசையை நான். கிளியர் சீட்டு எழுதும் புத்தகமும் முத்திரையும் என் மேஜையில்தான் இருக்கும். ரயில் ஓட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், கத்தி பிடிக்கிற டாக்டர் எல்லோரும் வேலையில் சேரும் முன் ஏதாவது ஒரு நிழல்வாசலில் நடந்து அந்தச் சீட்டை வாங்கியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை வீட்டில் இட்லித் தட்டை என் முன்னால் வைத்தபடி என் தங்கச்சி வெண்மதி சொன்னாள்: "ண்ணா, இன்னிக்கு உன் வாசலுக்கு வரேன். கிளியர் சீட்டு வோணும்."

"எதுக்கு?"

"ரயில் ஓட்ற வேலைக்கு செலக்ட் ஆயிட்டன். திங்கக்கிழம திருச்சில டிரைனிங் சேரணும். லெட்டர் போன வாரமே வந்துடுச்சு. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

எங்கள் நைனா இளையபெருமாள் சொன்னபடியே சிரித்தார். "பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு ஓடியாற ஆளு. ரயில எங்க வுட்டுட்டு வருவ, விழுப்புரத்துலயா?"

மதியும் சிரித்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அது. "ரூம்ல இருக்கப் போற பொண்ணுகிட்ட பேசிட்டன் நைனா. சாயங்காலம் ஆனா என் காலக் கட்டில்ல கட்டிப் போட்டுடுன்னு சொல்லி வெச்சிருக்கன். கொஞ்ச நாள்ல பழகிடும்."

அவளுடைய வியாதி ஊருக்கே தெரியும். எங்கே இருந்தாலும் சூரியன் விழுவதற்குள் அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். நேரம் நெருங்கினால் நெஞ்சு படபடக்கும். பிறகு கால் அவள் பேச்சைக் கேட்காமல் தானே நடக்கும். பாண்டிச்சேரி டாக்டர் டென்ஷன் என்று மாத்திரை கொடுத்தார். அக்கம்பக்கத்தில் வீட்டுப்பூனை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வேலூரிலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு தினம் சிங்கவரம் வருவாளா என்று கேட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவளும் தன் மனசுதான் கோழை என்று நம்பினாள்.

அது வியாதி இல்லை. கட்டு. கட்டியது நான்.

அப்போது எனக்குப் பதினைந்து, அவளுக்கு ஏழு. செஞ்சியில் வெள்ளிக்கிழமைச் சந்தை. அம்மா அவளை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் காய் வாங்கப் போனார். எதிரே டிவிக் கடையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, கடைசி ஓவர். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் இரண்டு கையாலும் தட்டினேன். தட்டி முடித்தபோது அவள் அங்கே இல்லை.

சந்தை முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. மஞ்சள் கயிறு விற்கிற ராஜம்மாள்தான் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். எங்கள் பக்கத்தில் காணாமல் போனவருக்குத் திரும்பு முடிச்சுப் போடுவது வழக்கம். கயிற்றைக் கையில் பிடித்து, பேரைச் சொல்லி, என்ன நடக்க வேண்டுமோ அதைச் சொல்லி முடிச்சுப் போட வேண்டும். நான் அழுதுகொண்டே போட்டேன். "மதி பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடணும்." மறக்காமல் ராஜம்மாள் சொல்லி அனுப்பினாள். ஆள் வந்த மூன்றாம் நாள் எதிரே நின்று, நான்தான் கட்டினேன், இதனால்தான் கட்டினேன், நீ வந்துட்ட, போதும் என்று சொல்லிக் கயிற்றைக் குளத்தில் விட்டுவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் முடிச்சு தன் வேலையை நிறுத்தாது.

பொழுது சாய்கிற நேரத்தில் மதி தனியாக நடந்து வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. நைனா என்னைக் கேட்டார். "அவதான் கைய உதறிட்டு ஓடினா" என்றேன். நைனா புளியவிளாறை எடுத்து அவள் கெண்டைக்காலில் இரண்டு வைத்தார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் எதனால் கட்டினேன் என்று சொல்லப் போனால், கையை விட்டது நான் என்பதும் வெளியே வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அப்படியே வருஷம் ஓடியது. பன்னிரண்டாவது முடித்துச் சென்னை ஹாஸ்டலுக்குப் போனவள், மூன்று தடவை போய் மூன்று தடவையும் அன்றே திரும்பி வந்தாள். எத்தனை மணிக்கு வந்து இறங்குவாள் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்பேன், வறுத்த பட்டாணிப் பொட்டலம் வாங்கிக் கையில் கொடுப்பேன். "எப்டி ண்ணா கரெக்டா வந்து நிக்கிற?" என்று கேட்பாள். அந்த வருஷம்தான் அம்மா தவறிப்போனார். வீட்டில் அவள் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. சமைக்க ஆள், நைனாவைப் பார்த்துக்கொள்ள ஆள், சாயங்காலம் பேச ஆள். இதைப் பாசம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வேறு யாராவது செய்திருந்தால் அயோக்கியத்தனம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாசல் வந்த மூன்று வருஷமும் அவளைக் கோட்டைப் பக்கம் வரவிடவில்லை. இன்னா பெரிய கோட்டை, வெறும் குரங்கு, என்று தட்டிக்கழித்தேன்.

அன்று வழக்கத்தைவிட முன்னாலேயே வேலைக்குப் போனேன். ஆனைக்குளத்துத் தண்ணீரில் மலை தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கல்யாண மகாலின் ஏழு மாடமும் வெயிலில் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. எப்போதும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன், அன்று நிற்கவில்லை. சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். வெண்மதி, தகப்பனார் இளையபெருமாள், சிங்கவரம், நிழல் தங்கவில்லை என்று எழுதி முத்திரை குத்தினேன். கால் நடக்கத்தான் போகிறது, திருச்சியிலிருந்து திரும்பி வரத்தான் போகிறாள் என்று தெரிந்தே எழுதினேன்.

பத்து மணிக்கு வந்தாள். புதுச் சுடிதார் போட்டிருந்தாள். வரிசையில் நிற்கவிடாமல் தனியாகக் கூப்பிட்டுச் சீட்டை நீட்டினேன்.

"நடக்கவே இல்லியே ண்ணா."

"எனக்குத் தெரியாதா உன்ன? வாங்கிக்கினு பஸ்ஸ புடி."

அவள் வாங்கவில்லை. கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "விளக்கு எரிஞ்சா நல்லதுன்னு நெனச்சுக்கினுதான் வந்தன். எரிஞ்சா வேல போயிடும், தெரியும். ஆனா அப்ப இது நான் இல்லன்னு ஆயிடும் இல்ல? எவனோ பண்ணது, நான் கோழ இல்லன்னு தெரிஞ்சா எனக்கு அதுவே போதும் ண்ணா."

அவள் பெண்கள் வரிசையில் போய் நின்றாள்.

முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்தார்கள், நிழல் ஒழுங்காகப் பின்னாலேயே போனது. பிறகு மதி நடந்தாள். நாலு விளக்கும் பச்சை கலந்த நீலத்தில் எரிந்தன. மழை விழுந்த மண் வாசம் எழுந்தது. அவள் அந்தப் பக்கம் போய்த் திரும்பினாள். காலடியில் நிழல் இல்லை.

வாசல் நடுவில் ஒரு சின்னப் பெண்ணின் நிழல் நின்றது. குட்டைப் பாவாடை, இரண்டு பின்னல். ஒரு கால் மட்டும் செருப்பு போட்டதுபோல் கொஞ்சம் தடித்திருந்தது. வலது கை மேலே தூக்கியிருந்தது, உயரமான ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. அந்தக் கைக்கு மேலே யாரும் இல்லை. முகம் சிங்கவரம் சாலைப் பக்கம் திரும்பியிருந்தது.

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மதிலில் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூடக் கீழே எட்டிப் பார்த்தன. மதி மெல்ல வந்து நிழலுக்கு எதிரே மண்டியிட்டாள். தொடப் பார்த்தாள், தரைதான் தட்டுப்பட்டது. அவள் கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"நான் இல்லக்கா," என்று அமலாக்காவிடம் சொன்னாள். "இது நான் இல்ல."

அமலாக்கா அவள் தலையில் கை வைத்தார். "ஏழு வயசு இருக்கும் இந்தப் புள்ளைக்கு. அப்ப கட்டியிருக்காங்க. வூட்டுல யாருன்னு நெனச்சுப் பாரு கண்ணு. வந்து சொன்னாதான் அவுக்க முடியும். சீட்டும் அப்பதான் தர முடியும்."

மதி யோசித்தாள். "சந்தையில நான் தொலஞ்சு போனன் ஒரு நாளு. அன்னிக்கு அம்மா கட்டியிருக்குமோ? அம்மான்னா சொல்ல ஆளே இல்லியே." கொஞ்ச நேரம் நிழலையே பார்த்தாள். "நைனாவாத்தான் இருக்கும். பாவம், பயந்து கட்டியிருப்பாரு. மறந்தும் போயிருப்பாரு. கூட்டியாறன். ஆனா நீங்க அவரத் திட்டக் கூடாதுக்கா."

நைனாவுக்கு எதுவும் தெரியாது. அவர் வந்து கல்லில் கை வைத்து விழிப்பார். நிழல் அசையாது. மதி எல்லாவற்றையும் மன்னித்துவிட்டு வேலையை விட்டுவிட்டு, சாயங்காலம் எனக்குச் சோறு போடுவாள். நான் வாயைத் திறக்காவிட்டால் எதுவும் மாறாது, ஆயுசுக்கும் என்னோடு இருப்பாள். ஒரு நொடி அதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. மறைக்க என்ன இருக்கிறது, தோன்றியது.

பிறகு எழுந்து போய் வாசல் காலில் கையை வைத்தேன். கல் சில்லென்று இருந்தது.

"நான்தான் மதி," என்றேன்.

அவள் புரியாமல் நிமிர்ந்தாள்.

"திரும்பு முடிச்சு நான்தான் போட்டன். சந்தையில உன் கைய நான்தான் வுட்டன். கிரிக்கெட் பாத்து ரெண்டு கையும் தட்டினன். நீ ஓடல. நைனாகிட்ட பொய் சொன்னன். மூணாம் நாள் உங்கிட்ட சொல்லியிருக்கணும், பயந்துக்கினு சொல்லல."

நிழல் லேசாக ஆடியது, நகரவில்லை. அமலாக்கா என்னைப் பார்த்தார். "மிச்சம் இருக்குது தம்பி. சொல்லிடு."

"அப்புறம் பயமும் இல்ல," என்றேன். "நீ வூட்டுல இருந்தது எனக்கு நல்லா இருந்துச்சு. அதனால சொல்லல. ஒவ்வொரு தடவ நீ திரும்பி வந்தப்பவும் எதனாலன்னு எனக்குத் தெரியும். நீ வந்துட்ட. போதும்."

தூக்கியிருந்த அந்தச் சின்னக் கை கீழே இறங்கியது. நிழல் தரையில் ஊர்ந்து, ஊரும்போதே வளர்ந்து, மதியின் பாதத்தில் போய் ஒட்டிக்கொண்டது. விளக்குகள் அணைந்தன.

மதி எழுந்து நின்றாள். முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது. நான் அடி வாங்கத் தயாராக இருந்தேன். அடித்திருந்தால் தேவலை.

"நைனா அடிச்சப்ப நீ கதவாண்ட நின்னுக்கினு இருந்த," என்றாள். "நான் உன்னத்தான் பாத்துக்கினு இருந்தன். நான் கைய உதறினனான்னு எனக்கே தெரியல. நீ சொன்னதால உதறியிருப்பன்னு நெனச்சுக்கினன்."

"மதி..."

"பட்டாணி வாங்கிக் குடுப்பியே, பஸ் ஸ்டாண்டுல. நீ ஒருத்தன்தான் என்னக் கேலி பண்ணதில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவன்." அவள் குரல் உயரவே இல்லை. "இப்ப எதுவும் பேசாத ண்ணா."

அமலாக்கா என் மேஜையில் கிடந்த, நான் எழுதிய சீட்டைப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட்டு, தன் கையால் வேறு எழுதினார். மதி மறுபடி ஒரு தடவை வாசலில் நடந்தாள். நிழல் கூடவே போனது. சீட்டை வாங்கிப் பையில் வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் சாலையைக் கடந்து போனாள்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மதியம் பொட்டிய எடுத்துக்கினு போயிட்டா. திங்கக்கிழம வரைக்கும் இருக்க முடியாதாம், இன்னிக்கே போறாளாம். எந்த பஸ்ல திரும்பி வராளோ. நீ போய் ஸ்டாண்டுல நில்லு" என்றார்.

"இன்னிக்கு வர மாட்டா நைனா."

"அது எப்டி வராம இருப்பா?"

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது மலைக்குப் பின்னால் சூரியன் பாதி இறங்கியிருந்தது. நைனா என்னைத் திட்டவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் புள்ளைய ஒரு வார்த்த கேக்காம அடிச்சனே," என்றார். அதையே மறுபடி சொன்னார்.

சூரியன் முழுசாக இறங்கியது. நாங்கள் இருவரும் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நிலக்கடலை வயல் மேல் கொக்குகள் தாழப் பறந்து போயின. தெருவிளக்கு எரிந்தது. சைக்கிள்கள் வந்தன, ஒரு பஸ் வந்து போனது. வெளிச்சம் இருந்த இடமெல்லாம் நீலமாகி, அந்த நீலமும் கரைந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாகப் பொழுது சாய்ந்தும் மதி வீட்டில் இல்லை.

நைனாவின் போன் அடித்தது. அவர் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எங்கம்மா இருக்குற? விழுப்புரமா? ஸ்டேஷன்லயா?" கேட்டுக்கொண்டே வந்தார். "கால் இன்னா பண்ணுது? சும்மா இருக்குதா? இருட்டிடுச்சா அங்க?" என்னைப் பார்த்து, "நல்லா இருட்டிடுச்சாம்டா" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "ஒரு ரயில் வந்து நின்னுச்சாம். முன்னால போயி நின்னு எஞ்சினப் பாத்தாளாம். ராத்திரில ஸ்டேஷன் இவ்ளோ வெளிச்சமா இருக்குமான்னு கேக்கறா."

பிறகு தயங்கி, "அண்ணன்கிட்ட குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

என் கை தானாகப் போனுக்கு நீண்டது. நைனா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி," என்றார். "சரிம்மா, சொல்றன்." போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னா சொன்னா நைனா?"

"பேசணும்னு தோணறப்போ அவளே கூப்டுவாளாம். எப்பன்னு தெரியாதாம். நீ கூப்டக் கூடாதாம். எங்கியும் வந்து நிக்கக் கூடாதாம்."

"சரி" என்றேன்.

அவள் எத்தனை மணிக்கு வருவாள் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரிந்திருந்தது. இனிமேல் தெரியாது. எனக்கு நன்றாக வேண்டும்.